மூணே முக்கால் வட்டிக்கு ஒரு விமான டிக்கெட்

கிரெடிட் கார்டு போனஸ் பாயின்ட்டைத் துரத்தி வட்டியில் மாட்டிக்கொண்டு ஆடிட்டரான என்னிடம் வந்தவர்களில், இந்த மாதம் இவர் நான்காவது ஆள். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தம்பி. ஜிஎஸ்டி கணக்கைக் கொடுக்க வந்தவர், பையின் அடியிலிருந்து நாலாக மடித்த கிரெடிட் கார்டு பில்லை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மினிமம் கட்டிட்டேன் சார். அப்புறம் எதுக்கு சார் வட்டி?"

அது ஒரு டிராவல் கார்டு, அதாவது செலவழித்தால் சேரும் பாயின்ட்டில் விமான டிக்கெட் எடுக்கலாம். 90 நாளில் ஒன்றரை லட்சம் செலவழித்தால் 10,000 பாயின்ட் போனஸ். கடைசி வாரத்தில் இலக்குக்கு 60,000 குறைந்ததாம்; உடனே ஒரு பெரிய டிவி வாங்கிவிட்டார்.

ஆடிட்டராக நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம் இது. மினிமம் தொகை, அதாவது பில்லில் குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்டு என்று போட்டிருப்பது, 'லேட் ஃபீஸ் போடாமல் இருக்க' மட்டும். வட்டியை அது நிறுத்தாது. பில்லிலேயே அப்படி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அவர் பில்லிலும் இருந்தது, பொடி எழுத்தில். வட்டி மாதம் 3.75 சதவீதம். நம்ம ஊர்க் கணக்கில் மூணே முக்கால் வட்டி! கடைத்தெருவில் யாராவது இந்த வட்டிக்குக் கொடுத்தால் வாங்குவாரா? ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 5,625. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,012. அவர் கட்டிய மினிமம் 7,500. அசலில் கழிந்தது 863 ரூபாய். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் டீத்தூளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. வட்டியும் வரியுமாக இரண்டு மாதத்தில் 13,000 தாண்டிவிட்டது.

போனஸ் எவ்வளவு? அவர் கார்டில் டிக்கெட் எடுத்தால் பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய், கிஃப்ட் வவுச்சர் என்றால் 25 பைசா. ஆண்டுக் கட்டணம் வரியோடு 5,900. ஒழுங்காக முழுப் பணமும் கட்டியிருந்தால்கூட, மிஞ்சுவது 4,100 ரூபாய்தான். இதற்குப் பெயர் இலவசமா?

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் வைத்திருக்கிறேன். எப்படியும் செய்யப்போகிற செலவு இருக்கும்போது வாங்குங்கள்: பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம், கல்யாண ஜவுளி. அதிலும் எது கணக்கில் சேரும் என்று விதியைப் படித்துவிட்டுத் தேயுங்கள். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது இவற்றைப் பல கார்டுகள் சேர்ப்பதில்லை. 90 நாள் என்பதும் பல கார்டுகளில் கார்டு வழங்கிய தேதியிலிருந்து ஓடும், நீங்கள் கவரைப் பிரித்த நாளிலிருந்து அல்ல.

இலக்கை எட்ட நண்பர்களின் செலவையும் உங்கள் கார்டில் தேய்க்கிறீர்களா? வருடத்தில் கார்டு பில் 10 லட்சம் தொட்டால் அந்தத் தகவல் வருமான வரித்துறைக்குப் போகும். ஆறு லட்சம் வருமானம் காட்டியவர் பதில் சொல்ல என்னிடம்தான் ஓடி வருவார். தயவுசெய்து வராதீர்கள்.

பாயின்ட்டை விமான நிறுவன மைலாக (அந்த நிறுவனத்தின் சொந்தப் பாயின்ட்டாக) மாற்றுமுன் அந்த விமானம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மதுரைக்கு வருவதில்லை. சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் செலவு உங்களுடையது. மைலில் எடுத்த டிக்கெட்டுக்கும் வரியைக் காசாகத்தான் கட்ட வேண்டும். மாற்றிய மைலைப் பெரும்பாலும் திரும்பப் பாயின்ட்டாக்கவும் முடியாது.

வேண்டாத கார்டை மூட, பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் வங்கி உங்களுக்கு நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும்.

தம்பியிடம், வங்கியில் நகையை வைத்து மாதம் ஒரு சதவீத வட்டி சுமாருக்குக் கடன் வாங்கி முதலில் இதை அடைக்கச் சொன்னேன். "வீட்டுல கேக்கணும் சார்" என்றார். டிவி எப்படி வந்தது என்று இன்னும் வீட்டில் சொல்லவில்லையாம்.