ஏவுதல், தூண்டுதல், அடியெடுத்துக் கொடுத்தல்

'ஸ்பிரிச்சுவல் பிராம்ப்டிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மொழிபெயர்ப்பு செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார். 'ஆவிக்குரிய தூண்டுதல்' என்று எழுதி வைத்திருந்தார். படித்தால் இடிக்கிறது என்றார். எனக்கும் இடித்தது.

பொருள் தெரியாத சொல் அல்ல இது. ஒருவரை உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்று காரணமில்லாமல் மனத்தில் எழும். கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில் 'வேண்டாம்' என்று உள்ளே ஒன்று பிடித்து நிறுத்தும். அது இறைவனிடமிருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் இது.

'பிராம்ப்ட்' என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. 'புரோமெரே' என்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. அப்படி எடுத்துத் தயாராக வைத்தது 'புரோம்ப்டுஸ்'. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு பொருள்கள் கிளைத்தன. ஒன்று தாமதமின்றி என்பது, இன்னொன்று தூண்டிவிடுவது. நாடக மேடையின் மறைவில் நின்றுகொண்டு, வசனம் மறந்த நடிகருக்கு அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பவருக்கும் இதே பெயர்தான். இந்த மேடைப் பொருளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கிறிஸ்தவர்கள் வழங்குவது 'ஏவுதல்'. தமிழ் வேதாகமத்தில், முதியவர் சிமியோன் "ஆவியின் ஏவுதலினால்" தேவாலயத்துக்கு வந்தார் என்று லூக்கா 2:27 சொல்கிறது. பேச்சில் 'கர்த்தர் உணர்த்தினார்' என்பார்கள். பழந்தமிழில் 'ஏ' என்றால் அம்பு. 'ஏவு' என்றாலும் அம்புதான், எய்வதும்தான். ஏவுகணை என்று இன்று நாம் சொல்வது அந்த வழியில் வந்தது. கட்டளை என்ற பொருளும் உண்டு, அதனால்தான் 'செய்', 'போ' என்பவற்றை ஏவல் வினை என்கிறது இலக்கணம். கம்பீரமான சொல். ஆனால் பில்லி, சூனியத்தோடு சேர்த்து 'ஏவல்' என்றும் சொல்கிறோமே! எய்த அம்புக்குத் தன் விருப்பம் என்று ஒன்று கிடையாது. மனிதருக்கு உண்டு, மறுக்கவும் முடியும். அந்த இடத்தில் இந்தச் சொல் போதவில்லை.

'தூண்டுதல்' விளக்கோடு பிறந்த சொல் போல இருக்கிறது. எண்ணெயில் அமிழ்ந்து மங்கும் திரியைச் சற்றே மேலே தள்ளிவிடுவது. சுடர் ஏற்கெனவே எரிகிறது, புதிதாக யாரும் கொளுத்தவில்லை. அழகான பொருள்தான். ஆனால் 'யார் தூண்டுதலில் இதைச் செய்தாய்?' என்று விசாரணையில் கேட்டுக் கேட்டு அதற்குக் கறை படிந்துவிட்டது. 'பிரேரணை' என்ற வடசொல்லும் உண்டு. சபையில் கொண்டுவரும் தீர்மானமாக அது போய்விட்டது.

நான் நண்பருக்குச் சொன்னது, 'அடியெடுத்துக் கொடுத்தல்'. சேக்கிழாருக்குத் தில்லையில் இறைவன் 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. கொடுத்தது ஒரு சொல். பெரியபுராணத்தின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அவர்தான் பாட வேண்டியிருந்தது. சுந்தரர் கதை இன்னும் நெருக்கமானது. என்ன பாடுவது என்று அவர் திகைத்தபோது, தன்னை வைத சொல்லாலேயே பாடு என்றான் இறைவன். 'பித்தா' என்ற அந்தச் சொல் சுந்தரருடைய வாயில் கோபத்தில் ஏற்கெனவே வந்ததுதான். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது என்ற அந்த லத்தீன் பொருள் இங்கே அப்படியே வந்து நிற்கிறது. மேடை மறைவில் நிற்பவரின் வேலையும் இதுதானே.

தலைப்புச் சொல்லாக ஒரே சொல் வேண்டும் என்றால் 'உள்தூண்டல்' என்று எழுதலாம், 'உள்' சேர்ந்ததும் அந்தக் கறை கொஞ்சம் விலகுகிறது. விளக்கும் இடத்தில் அடியெடுத்துக் கொடுத்தலைத்தான் சொல்வேன்.

சரி, வந்தது அதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழ் இலக்கணமே ஒரு குறிப்புத் தருகிறது. 'நான் நினைத்தேன்' என்கிறோம், 'எனக்குத் தோன்றியது' என்றும் சொல்கிறோம். முதலாவதில் செய்பவன் நான். இரண்டாவதில் நான் வெறும் நான்காம் வேற்றுமை, பெற்றுக்கொள்கிறவன். நாள் முழுக்க யோசித்து யோசித்து நாமே கட்டிய முடிவை 'தோன்றியது' என்று சொல்ல நாக்குக் கூசும். ஆனால் தோன்றியதெல்லாம் மேலிருந்து வந்ததும் அல்ல. அச்சத்துக்கும் ஆசைக்கும் குரல் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் நல்ல உதிப்பை 'இல்ஹாம்' என்றும், தீய கிசுகிசுப்பை 'ஊசலாட்டம்' என்றும் பிரித்துச் சொல்வார்கள். ஊசலாட்டம் எவ்வளவு சரியான சொல்! அது ஆட்டிக்கொண்டே இருக்கும், நிற்க விடாது. 1548இல் வெளிவந்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வேறு விதமாகச் சொல்கிறார்: நல்வழியில் முன்னேறுகிறவருக்கு நல்லாவியின் தொடுதல் கடற்பஞ்சில் இறங்கும் நீர்த்துளி போல மென்மையானது, தீயதன் தொடுதல் கல்லில் விழுந்து தெறிக்கும் துளி. மனம் வறண்டு கலங்கிய நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்றும் எச்சரிக்கிறார். பிறருக்குத் தீங்கு செய்யச் சொல்லும் எதையும், எவ்வளவு மெல்லிய குரலில் வந்தாலும், நான் இந்தப் பெயரால் அழைக்க மாட்டேன்.

செய்வதைப் பற்றித் தமிழ் முன்பே பேசியிருக்கிறது. "ஏவா மக்கள் மூவா மருந்து" என்கிறது கொன்றை வேந்தன். சொல்வதற்கு முன்பே குறிப்பறிந்து செய்கிற பிள்ளைகள். அதற்கு நேர் எதிரே "ஏவவும் செய்கலான் தான்தேறான்" என்று 848ஆம் குறள் நிற்கிறது. சொன்னாலும் செய்யமாட்டான், தானாகவும் தெளியமாட்டான்.

நான் பெரும்பாலும் அந்தக் குறளின் பக்கம்தான் இருந்திருக்கிறேன். ஒரு முன்னிரவில் பாத்திரம் துலக்கும்போது, பேசி ஆண்டுக்கணக்கான ஒரு தோழியின் பெயர் தோன்றியது. கை ஈரம் என்று விட்டேன். அடுப்பைத் துடைக்கும்போது மறுபடி வந்தது. இந்த நேரத்தில் தூங்கியிருப்பாள் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். விளக்கை அணைத்த பிறகு மூன்றாவது முறை. எழுந்து அழைத்தேன். என்ன பேசுவது என்றே தெரியவில்லை. 'சும்மாதான், உன் நினைவு வந்தது' என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வைத்துவிடாதே. ஏதாவது பேசிக்கொண்டே இரு" என்றாள்.