புகையிலிருந்து மெத்தனால்: மிஷின் வாங்கும் முன் மின்கணக்கு

பெங்களூரின் தொழிற்பேட்டைகளான பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் தொழிற்கூடம் நடத்தும் நம்மவர்கள் இப்போது கேட்பது இதைத்தான்: "பாய்லர் புகையில இருக்கிற கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு மெத்தனால் ஆக்கலாமாமே, நம்ம யூனிட்டுக்கு ஒத்து வருமா?" மெத்தனால் என்பது எரிபொருளாகவும் பயன்படும் ஒருவகை ஆல்கஹால்; வேதியியல்படி ஆக்கலாம். பெங்களூரு ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் இதற்கான வினையூக்கிகளை (வினையை விரைவுபடுத்தும் பொருள்களை) பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இடிப்பது ஹைட்ரஜன்.

ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 1.4 டன் கார்பன் டை ஆக்சைடும் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரை மின்பகுப்பு செய்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகும். ஆக, ஹைட்ரஜனுக்கு மட்டுமே ஏறக்குறைய 10,000 யூனிட். நம் நாட்டு கிரிட்டில் (பொது மின்கட்டமைப்பில்) யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 1.4 டன்னைப் பிடிக்கப் போய் 7 டன்னை வெளியே விடுகிறோம்! கிடைக்கும் மெத்தனாலில் இருக்கும் ஆற்றலோ 5,500 யூனிட்தான்; அதை எரித்தால் பிடித்த 1.4 டன்னும் காற்றுக்கே திரும்பிவிடும். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனும் தப்பாது: கிலோவுக்கு 9–10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வீதம், 1.8 டன் அங்கேயே வெளியே போய்விடும். ஐஸ்லாந்தில் இது நடந்ததே என்பார்கள். அங்கே பூமிக்குள் இருக்கும் சூட்டிலிருந்து எடுக்கும் புவிவெப்ப மின்சாரம். இங்கே சொந்தமாக சோலாரோ காற்றாலையோ இல்லாமல் இதில் இறங்குவது வீண் என்பதே எங்கள் கருத்து.

கொட்டேஷனில் 'எந்தப் புகையும் ஓடும்' என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். 220–270 டிகிரியிலும் 50–80 பார் அழுத்தத்திலும் வேலை செய்யும் காப்பர்–ஜிங்க் ஆக்சைடு வினையூக்கிக்குக் கந்தகம் விஷம், 0.1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு) கீழே வைக்க வேண்டும். வினையில் உண்டாகும் தண்ணீராவியும் காப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, வேலை செய்யும் பரப்பைக் குறைத்துவிடும்.

அதற்கு முந்தைய படியில், அதாவது புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிப்பதிலும், சிக்கல் உண்டு. நிலக்கரி பாய்லர் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12–14 சதவீதம்தான். அமீன் என்ற ரசாயனத்தின் கரைசல் அதை உறிஞ்சும். சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். புகையில் சல்ஃபர் டை ஆக்சைடு 10 பிபிஎம்மைத் தாண்டினால், எவ்வளவு சூடாக்கினாலும் பிரியாத உப்பு சேர்ந்து கரைசல் வீணாகும். ஸ்டீம் செலவு தனி. இதோடு ஒப்பிட்டால் பீர், எத்தனால் ஆலைகளின் நொதித்தல் தொட்டி வாயு கிட்டத்தட்டச் சுத்தமானது. தண்ணீரில் கழுவி, கரியில் வடித்து, ஈரம் நீக்கினால் போதும்.

ஹைட்ரஜனே வேண்டாத வழிகளும் இருக்கின்றன. தூத்துக்குடியில் ஒரு ஆலை பாய்லர் புகையிலிருந்து எடுத்த வாயுவைக் கொண்டு 2016-லேயே சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) தயாரிக்கத் தொடங்கியது. சிறிய யூனிட்டுக்கு நாங்கள் முதலில் சொல்வது கான்கிரீட் பிளாக். அச்சிலிருந்து எடுத்த பிளாக்கை மூடிய அறையில் அடுக்கி வாயுவை விட்டால், அது சிமென்ட்டிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகிவிடும். சாதாரண நிலையில் திரும்பி வராது. அதற்கு முன் பிளாக்கைக் கொஞ்சம் உலர விட வேண்டும். துளைகளில் தண்ணீர் நிரம்பி நின்றால் வாயு மேல்தோலோடு நின்றுவிடும். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் நடந்திருக்காது. முற்றிலும் காய்ந்தாலும் வினை நடக்காது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு இது கூடவே கூடாது. கான்கிரீட்டின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 12.5-க்கு மேலிருந்து 9 அளவுக்கு இறங்கும், கம்பி துருப்பிடிக்கும்.

அந்த அறைக்குள் ஆள் போகும்போது ஆக்சிஜன் மீட்டரை நம்பாதீர்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் ஆனாலே உயிருக்கு ஆபத்து. அப்போதும் ஆக்சிஜன் மீட்டர் 20.1 சதவீதம் என்றுதான் காட்டும், அலாரம் 19.5-க்குக் கீழேதான் அடிக்கும். கார்பன் டை ஆக்சைடுக்கென்றே தனி மீட்டரைத் தரையை ஒட்டி மாட்டுங்கள், அந்த வாயு காற்றைவிடக் கனமானது. எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 5,000 பிபிஎம்.