எல்க் பொதுச்சொத்து, வேலி தனியார் சொத்து: மொன்டானாவின் பிளாக் மேனேஜ்மென்ட் திட்டம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் செப்டம்பர் பிறந்தால் வேட்டைக்காரர்களுக்குள் ஒரு பழைய வாக்குவாதம் மறுபடி கிளம்பும். அரசு நிலத்தில் மலையேறி, கூடாரத்தில் குளிரில் கிடந்து எல்க் அடித்தவருக்குத்தான் மரியாதையா? தனியார் பண்ணைக்குள் தெரிந்தவர் மூலமாகவோ, காசு கொடுத்தோ போய் அடித்தவருக்கும் அதே மரியாதை உண்டா? ஒரு தரப்பு மற்றதைச் சோம்பேறி என்கிறது. மற்றது பதிலுக்கு, "உங்களுக்குப் பொறாமை" என்கிறது. இந்தச் சண்டைக்கு நடுவில், இரண்டு பக்கத்தையும் ஒரே வேலியருகே கொண்டுவந்து நிறுத்தும் அரசுத் திட்டம் ஒன்று மொன்டானாவில் 40 ஆண்டுகளாக நடக்கிறது. அதன் பெயர் பிளாக் மேனேஜ்மென்ட். அது எப்படி வேலை செய்கிறது, யாருக்கு என்ன உரிமை, யார் எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் விலங்கைப் பற்றி. எல்க் என்பது நம் கடமானுக்கு உறவான பெரிய மான். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கட்டுப்பாடில்லாத வேட்டையால் மேற்கு மாநிலங்களின் பெரும்பகுதியில் இது அருகிப்போனது. மொன்டானாவில் யெல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விட்டும், வேட்டைக் காலத்தைச் சுருக்கியும், உரிமக் கட்டணத்தைப் பராமரிப்புக்குச் செலவழித்தும்தான் மந்தைகளை மீட்டார்கள். இன்று அந்த மாநிலத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

யாருடைய மான்?

அமெரிக்கச் சட்டத்தில் காட்டு விலங்கு எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமில்லை. மக்கள் சார்பில் மாநில அரசு அதற்குப் பொறுப்பு. பண்ணைக்காரரின் புல்வெளியில் 200 எல்க் நின்றாலும் ஒன்றுகூட அவருடையது ஆகாது. தன் நிலத்தில் அடிப்பதானாலும் அவரும் உரிமம் வாங்க வேண்டும், வேட்டைக் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: தன் நிலத்துக்குள் யாரை விடுவது, யாரை விடாமலிருப்பது என்ற உரிமை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை பெரும்பாலும் தடைசெய்யப்பட்டிருப்பதால், இந்த ஏற்பாடு நம் வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றலாம்.

சிக்கல் நிலத்தின் அமைப்பிலிருந்து வருகிறது. குடியேறுபவர்களுக்கு அரசு நிலத்தைக் கொடுத்த 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் வந்தவர்கள் தண்ணீரும் புல்லும் உள்ள ஆற்றுப் பள்ளத்தாக்குகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத உயரமான மலையும் பாறையும் வறண்ட மேடும் அரசிடமே தங்கிவிட்டன. இன்றைய தேசிய வனங்களில் பெரும்பகுதி அப்படித்தான். எல்க் கோடையை மேலே கழிக்கும். பனி விழுந்தால் கீழே இறங்கும். கீழே இருப்பதெல்லாம் தனியார் நிலம். அதோடு இன்னொன்று: அக்டோபர் கடைசியில் துப்பாக்கி வேட்டை தொடங்கி அரசு நிலத்தில் வெடிச்சத்தம் கேட்க ஆரம்பித்ததும், மந்தைகள் வெடி கேட்காத பண்ணைகளைத் தேடிப் போய்விடுகின்றன. அந்தப் பண்ணை பூட்டிக் கிடந்தால், ஐந்து வாரமும் வேலிக்கு வெளியே நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அரசு நில வேட்டைக்காரரின் கோபம் இங்கேதான் பிறக்கிறது. பொதுச்சொத்தான விலங்கை ஒருவர் வேலி போட்டு வைத்துக்கொண்டு, வழிகாட்டி நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டு, பல ஆயிரம் டாலர் கொடுப்பவருக்கு மட்டும் கதவைத் திறக்கிறார் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

பண்ணைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. குளிர்காலத்துக்கென்று அவர் அடுக்கி வைத்த வைக்கோலை எல்க் மந்தை இரவோடு இரவாகத் தின்றுவிடும். வேலிக் கம்பியை அறுத்துக்கொண்டு போகும். யெல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள பகுதியில் எல்க்குகளிடம் புருசெல்லோசிஸ் நோய்க்கிருமி இருக்கிறது. அது பசு மாடுகளுக்குத் தொற்றினால் கன்று கலைந்துவிடும். மந்தையைத் தனிமைப்படுத்த வேண்டிவரும். பக்கத்து மாநிலமான வயோமிங்கும், கொலராடோவும் பயிர்ச்சேதத்துக்குப் பணமாகவே இழப்பீடு தருகின்றன. மொன்டானா பணம் தருவதில்லை. வைக்கோல் போரைச் சுற்றி வேலி போடப் பொருள் கொடுக்கும், விரட்ட ஆள் அனுப்பும், தேவைப்பட்டால் சிறப்பு வேட்டைக்கு உத்தரவிடும். அந்த உதவிக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த நிலத்தில் பொதுமக்களை ஓரளவாவது வேட்டைக்கு அனுமதித்திருக்க வேண்டும். நல்ல நிபந்தனை என்றுதான் எனக்குப் படுகிறது. கதவை அடைத்து மந்தையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதே மந்தை தின்றுவிட்டது என்று அரசிடம் உதவி கேட்பது முறையாகாது.

திட்டம் என்ன தருகிறது?

பிளாக் மேனேஜ்மென்ட் 1985இல் தொடங்கியது. 1990களின் நடுவில் நிதி கூட்டி விரிவாக்கினார்கள். நடத்துவது மொன்டானாவின் மீன், வனவிலங்கு, பூங்காக்கள் துறை. பண்ணைக்காரர் விருப்பப்பட்டால் சேரலாம்; கட்டாயம் கிடையாது. சேர்ந்த நிலத்தில் இலையுதிர்காலம் முழுவதும் பொதுமக்கள் இலவசமாக வேட்டையாடலாம். உள்ளே வருபவரிடம் அவர் கட்டணம் வாங்கக் கூடாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நில உடைமையாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 70 லட்சம் ஏக்கர் இப்படித் திறந்திருக்கிறது.

பண்ணைக்காரருக்குத் துறை பணம் தருகிறது. எத்தனை பேர் எத்தனை நாள் வந்து வேட்டையாடினார்கள் என்ற கணக்கை வைத்துத் தொகை வரும். ஆண்டுக்கு உச்சவரம்பு உண்டு. இது நிலத்துக்கான வாடகை அல்ல. வண்டி ஓடிப் பாதை கெடுவது, டயரில் ஒட்டிக் களைவிதை வருவது, ஆட்கள் வந்துபோகும் தொந்தரவு ஆகியவற்றுக்கு ஈடு. பெரும் பணக்காரர் வாங்கிப் போட்ட பண்ணைக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. மாடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது வேலி, டீசல் செலவுக்கு உதவும். அதனால் திட்டத்தில் நிலைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கும் பண்ணைக்காரர்கள்தான் என்பது என் கணிப்பு. பணம் வருவது வரிப்பணத்திலிருந்து அல்ல, பெரும்பாலும் வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்து, குறிப்பாக வெளிமாநிலத்தவர் கட்டும் தொகையிலிருந்து.

பணத்தைவிடப் பல பண்ணைக்காரர்களுக்குப் பெரியதாகத் தெரிவது வேறு இரண்டு உதவிகள். ஒன்று, இலவசமாகப் பொழுதுபோக்குக்கு அனுமதித்த நிலத்தில் ஒருவர் விழுந்து அடிபட்டால் உடைமையாளர்மீது வழக்குப் போடுவதைச் சட்டம் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. இன்னொன்று, அறிவிப்புப் பலகை நடுவது, வரைபடம் அச்சடிப்பது, வருபவர்களைக் கண்காணிப்பது எல்லாம் துறை ஆட்கள் பொறுப்பு. காலை நான்கு மணிக்கு யாரும் வந்து வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

நிலங்கள் இரண்டு வகை. முதல் வகையில் நாமே பதிவு செய்துகொண்டு உள்ளே போகலாம். பாதையோரம் கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே சீட்டுக் கட்டு, வரைபடம், விதித்தாள். சீட்டில் பெயர், உரிம எண், வண்டி எண், தேதி எழுதி, ஒரு பாதியைக் கிழித்துப் பெட்டியில் போட வேண்டும். மறுபாதிதான் அனுமதி, வேட்டை முடியும்வரை அது சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். இந்தச் சீட்டுகளை எண்ணித்தான் பண்ணைக்காரருக்குப் பணம் போகிறது. எழுதாமல் நுழைபவர் சட்டத்தை மீறுவதோடு, தனக்குக் கதவைத் திறந்தவரின் கூலியிலும் கைவைக்கிறார்.

இரண்டாம் வகையில் பண்ணைக்காரரோ துறை அலுவலரோ அனுமதி தர வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கும். சிலவற்றுக்கு ஆகஸ்ட் பிற்பகுதியிலேயே தொலைபேசியில் முன்பதிவு தொடங்கி, நல்ல நாட்களெல்லாம் வேகமாகத் தீர்ந்துவிடும். எங்கே எந்த நிலம் என்ற கையேட்டைத் துறை ஆகஸ்ட் நடுவில் வெளியிடும். அதை எடுத்து உட்கார்ந்து படிப்பவருக்குத்தான் இடம் கிடைக்கும்.

வேலிக்கு உள்ளே

ஒவ்வொரு நிலத்துக்கும் தனி விதி உண்டு. ஒன்றில் வண்டி குறிப்பிட்ட இடத்துக்கு மேல் போகக் கூடாது. இன்னொன்றில் ஆண் எல்க் அடிக்கக் கூடாது. வேறொன்றில் கூடாரம் கூடாது. போன வருடத்து விதி இந்த வருடம் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

கேட் விஷயம்தான் அதிகச் சண்டையைக் கொண்டுவருகிறது. இந்தப் பண்ணைகளில் பல இடங்களில் கேட் என்பது முள்கம்பியும் குச்சிகளும் சேர்ந்த ஒரு வேலித்துண்டு. ஓரத்துக் கழியின் அடியை முதலில் கீழ் வளையத்தில் செருகி, தோளால் கம்பத்தோடு அணைத்து இழுத்து, மேல் வளையத்தை மாட்ட வேண்டும். கை மரத்துப்போகும் குளிரில் இது லேசான வேலை இல்லை. அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போனால், அடுத்த நாள் இரண்டு மேய்ச்சல் வெளி மாடுகளும் கலந்துவிடும். அவற்றைப் பிரிக்க அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். மூடியிருந்த கேட்டை மூடு, திறந்திருந்ததைத் திறந்தே விடு. இதுதான் விதி.

அடித்தபின் உரிமச் சீட்டில் உடனே தேதியைக் குறிக்க வேண்டும். நான்கு கால் சப்பைகளும் முதுகுத் தசையும் உட்பட உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது குற்றம். ஒரு பெரிய ஆண் எல்க்கில் நூறு கிலோவை நெருங்கும் இறைச்சி வரும். அதைச் சுமந்து இறக்க ஆள் பலம் இல்லாமல் தொலைவில் சுடக் கூடாது. குடலைப் பாதையிலோ நீரோடையிலோ போட்டுவிட்டு வரக் கூடாது.

இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. அரசு நிலத்தில் சுட்ட எல்க் காயத்தோடு ஓடிப்போய்த் தனியார் நிலத்தில் விழுந்தால், எடுத்துவரவும் அனுமதி கேட்டாக வேண்டும். மொன்டானாவில் 'நுழையாதே' என்ற பலகை இல்லை என்பது சாக்காகாது. வேட்டைக்காகத் தனியார் நிலத்தில் கால் வைக்க எப்போதும் அனுமதி தேவை. கம்பத்தில் ஆரஞ்சுப் பெயின்ட் அடித்திருந்தால் நுழையவே கூடாது என்று பொருள். உடைமையாளரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் வனவிலங்குக் காவலரைக் கூப்பிடலாம்.

ஒப்பந்தம் நிரந்தரமில்லை. ஒரு சீசனில் நான்கு பேர் கேட்டைத் திறந்துபோட்டு, சேற்றில் வண்டி ஓட்டிப் பாதையைக் கிழித்துவிட்டுப் போனால், அடுத்த முறை அவர் கையெழுத்துப் போட மாட்டார். சில ஆயிரம் ஏக்கர் ஒரே நாளில் பூட்டப்படும். வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் மரியாதை பற்றிப் பேசும்போது யார் கஷ்டப்பட்டு அடித்தார் என்பதையே அளக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். அவர் போனபிறகு அந்த நிலம் எப்படி இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்பேன், அரசு நிலமானாலும் சரி, தனியார் நிலமானாலும் சரி.

மூலை கடப்பது

19ஆம் நூற்றாண்டில் ரயில் நிறுவனங்களுக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்தார்கள். அதனால் பல இடங்களில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை மாதிரிக் கிடக்கின்றன. ஒரு அரசுச் சதுரத்திலிருந்து அடுத்த அரசுச் சதுரத்துக்கு மூலை வழியாகத்தான் காலெடுத்து வைக்க முடியும். வயோமிங்கின் எல்க் மவுன்டனில் நான்கு வேட்டைக்காரர்கள் 2021இல் ஏணி வைத்துத் தனியார் மண்ணை மிதிக்காமல் அப்படிக் கடந்தார்கள். பண்ணை உடைமையாளரான அயர்ன் பார் ஹோல்டிங்ஸ் உரிமையியல் வழக்குப் போட்டது. அரசுத் தரப்பு தொடுத்த குற்ற வழக்கில் 2022இல் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. உரிமையியல் வழக்கில், அரசு நிலத்துக்குப் போகும் வழியை அடைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டின் சட்டவிரோத வேலியடைப்புச் சட்டத்தை வைத்து, பத்தாவது சர்க்யூட் (பல மாநிலங்கள் சேர்ந்த நீதி வட்டம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்ஸிகோ, கான்சஸ், ஒக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தும். மொன்டானா ஒன்பதாவது சர்க்யூட்டில் இருக்கிறது. அங்கே மூலை கடப்பது சட்டப்படி சரியல்ல என்பதே துறையின் நிலை. நிலக்காரரிடம் கேட்டுவிட்டே கடக்க வேண்டும்.

உரிமம் வாங்க

1985 ஜனவரி 1க்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த சான்று காட்ட வேண்டும். மொன்டானாவில் 180 நாள் தொடர்ந்து வசித்தால்தான் உள்ளூர்வாசிக் கட்டணம். வெளிமாநிலத்தவருக்கு எல்க்கும் மானும் சேர்ந்த உரிமம் 17,000 மட்டுமே, அதுவும் குலுக்கலில். விண்ணப்பக் கடைசி நாள் ஏப்ரல் 1. துப்பாக்கி வேட்டைக் காலத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குல ஆரஞ்சு நிறத் துணி அணிந்திருக்க வேண்டும். பிளாக் மேனேஜ்மென்ட் அனுமதிக்குத் தனியாகக் கட்டணம் கிடையாது. வயோமிங்கிலும் ஐடஹோவிலும் இதே போன்ற ஏற்பாட்டுக்கு அக்செஸ் யெஸ் என்று பெயர். கொலராடோவிலும் நடந்து நுழையும் தனியார் நிலத் திட்டம் உண்டு. அங்கெல்லாம் விதி வேறு, அந்தந்த மாநிலக் கையேட்டைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.