லைன் வீடு: பெயர் வந்த வழியும் தமிழில் அதற்கான சொல்லும்

ஒரே நீளக் கூரையின் கீழ், பக்கத்துச் சுவரைப் பொதுவில் வைத்து, வரிசையாகக் கட்டிய சிறு வீடுகளில் ஒன்றுதான் லைன் வீடு. கோவை, திருப்பூர்ப் பக்கம் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு காம்பவுண்டுக்குள் எட்டுப் பத்து வீடு கட்டி பனியன் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டால், இன்றைக்கு அதுவும் லைன் வீடுதான். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘லைன்’ என்றால் மில் லைனைத்தான் சொல்வார்கள். பஞ்சாலை நிர்வாகம் தன் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை.

என் அம்மா வளர்ந்தது உடுமலைப்பேட்டையில் அப்படி ஒரு லைனில். அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார், அம்மிச்சி (அம்மாவின் அம்மா) நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில். முகவரி கேட்டால் தெருப்பெயர் வராது. “மூணாவது லைன், ஏழாம் நம்பர்” என்பார்கள், தபால்காரருக்கும் அது போதும். முன்னால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் திண்ணை, உள்ளே ஒரு அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. தண்ணீர்க் குழாயும் கக்கூசும் வரிசையின் கோடியில், எல்லாருக்கும் பொது. மேலே ஓடு. பக்கத்துச் சுவர் ஓடு வரைக்கும் போகாது. கூரைச் சட்டத்துக்குக் கீழே இரண்டடி இடைவெளி விட்டு நின்றுவிடும். அந்த இடைவெளி வழியாகத்தான் எட்டாம் நம்பர் வீட்டின் மிளகாய் நெடியும் சண்டையும் இந்த வீட்டுக்கு வந்தன. அரை நைட்டு, அதாவது நடுராத்திரியோடு முடியும் ஷிப்ட், முடிந்து வருபவருக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்றால், அம்மிச்சி தூங்கிப் போனாலும் பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டி எழுப்பிவிடுவார்.

லைனில் ஆட்களை ஷிப்ட் பெயராலேயே சொல்லும் வழக்கம் இருந்தது. பிள்ளைகள் வாசலில் கத்தி விளையாடினால், “முழு நைட்டு படுத்திருக்குது, அந்தப் பக்கம் போய் ஆடுங்க” என்பார்கள். முழு நைட்டு என்பது இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் மனிதர். மூன்று ஷிப்ட் ஓடும் மில்லில், எந்த நேரத்திலும் லைனில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளின் வாயை அடக்குவதே அம்மிச்சிக்குப் பெரிய வேலையாக இருந்தது என்று அம்மா இன்றும் சொல்வார். ரீலிங்கிலிருந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, தலையில் ஒட்டிய பஞ்சை அம்மிச்சி சீப்பால் வழித்து எடுப்பாராம். அது முடியும் வரை உள்ளே வர மாட்டார். அடுப்படியில் பஞ்சு பறக்கும் என்று பயம்.

கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888-இல் வந்தது. ஆனால் ஊருக்கு ஊர் மில் முளைத்தது 1930-களில், நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு. அதுவரை நீராவிக்கு நிலக்கரி கொண்டுவர வேண்டியிருந்த இடங்களில் கம்பி இழுத்தால் போதும் என்றானது. மில் வந்தது சரி, ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வேண்டுமே? பத்து மைல் தள்ளி இருப்பவர் நடுராத்திரியில் எப்படி வந்து சேர்வார்? சங்கு ஊதினால் காதில் விழும் தூரத்தில் ஆட்களைக் குடிவைப்பது நிர்வாகத்துக்கு வசதி. வீடு கிடைப்பது தொழிலாளிக்கும் வசதிதான். ஆனால் வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சமும் அதே சாவியோடு சேர்ந்து வந்தது. இதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. ஓய்வு பெற்ற மாதம் எங்கே குடிபோவது என்பதுதான் அப்புச்சியின் கடைசிப் பணிக்காலத்துக் கவலை.

சரி, பெயருக்கு வருவோம். ‘லைன்’ ஆங்கிலச் சொல் என்பது தெரிந்ததே. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாய்கள் தங்கும் குடில்களை வரிசை வரிசையாக அமைத்து அவற்றை ‘லைன்’ என்றார்கள். காவலர் குடியிருப்பு உள்ள தெருவைப் பல ஊர்களில் இன்றும் ‘போலீஸ் லைன்’ என்கிறோமே, அதுவும் இந்த வழக்குதான். கோலார் தங்கவயலில் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த குடியிருப்புகளும் லைன்கள். இன்னும் பின்னால் போனால் ‘லைன்’ இலத்தீனின் ‘லினேயா’வில் போய் நிற்கிறது. அதன் பொருள் ஆளி நாரில் திரித்த நூல். ‘லினும்’ என்றால் ஆளிச்செடி. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு கிடைக்கும், அதனால் நூலின் பெயரே கோட்டுக்கும் வரிசைக்கும் ஆகிவந்தது. நம் கொத்தனாரும் நூல் பிடித்துத்தான் சுவர் எழுப்புகிறார், நாமும் ‘நூல் பிடித்த மாதிரி’ என்கிறோம். நூல் நூற்றவர்களின் வீட்டுக்கு நூலிலிருந்து வந்த பெயர் அமைந்தது தற்செயல்தான். எனக்கு அது மிகவும் பிடித்த தற்செயல்.

இதே சொல் கடல் தாண்டியும் போயிருக்கிறது. இலங்கை மலையகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன நம் மக்கள் குடியிருந்த வரிசைகளும் லைன்கள்தான். அங்கே சொல் லயன் என்றாகி, லயம் என்றானது. ‘லயம்’ ஆன பிறகு அது மரம், குளம் போலவே வேற்றுமை ஏற்கிறது: லயத்தில், லயத்துக்கு, லயத்து வீடு. கொங்கு நாட்டில் லைன் இன்னும் லைன்ல, லைனுக்கு என்றுதான் வருகிறது. ஆக, தமிழ் இலக்கணம் முழுதாக உள்வாங்கியது மலையகத்து லயத்தைத்தான். ஒற்றை அறையை அங்கே ‘காம்பரா’ என்பார்கள், அது போர்ச்சுகீசியம் தந்தது. மூணாறிலும் லயம்தான். 2020 ஆகஸ்டில் அதன் அருகே பெட்டிமுடியில் மண் சரிந்தபோது இறந்த 70 பேர், பெரும்பாலும் தமிழர்கள், லயங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். இசையில் வரும் லயத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

வயநாட்டுத் தோட்டங்களில் இந்த வரிசை வீடுகளைப் ‘பாடி’ என்கிறார்கள். தமிழில் பாடி என்ற பழைய சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்ற பொருள் உண்டு, ‘பாடிவீடு’ என்றும் சொல்வதுண்டு. லைனும் படைக் குடியிருப்பிலிருந்துதான் வந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் என்ன சொல்வது? ‘மில்’லுக்குச் சிக்கல் இல்லை. பட்டினப்பாலையிலேயே கரும்பு ஆடும் இடம் ஆலை என்று வருகிறது. அந்தச் சொல் பஞ்சாலை, நூலாலை வரைக்கும் விரிந்துவிட்டது. வீட்டுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘ஆலைக் குடியிருப்பு’ என்று எழுதினால் மேலாளர் பங்களாவும் அதில் அடங்கிவிடும். ‘தொகுப்பு வீடு’ என்றதும் அரசு கட்டித்தந்த வீடு நினைவுக்கு வரும். ‘ஒண்டுக்குடித்தனம்’ அருமையான சொல், ஆனால் அது பல குடும்பம் ஒரு மனையில் ஒண்டியிருக்கும் நிலையைச் சொல்கிறது, கட்டடத்தின் அமைப்பை அல்ல. ‘காலனி’யைத் தவிர்த்துவிடலாம். ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்பைச் சுட்டும் வசைபோல அது ஆகிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். நெல்லைப் பக்கத்து ‘வளவு’ நல்ல போட்டியாளர். ஒரு முற்றத்தைச் சுற்றியோ ஒரு வாசலுக்குள்ளோ பல குடும்பங்கள் இருக்கும் இடம் அது. கூடி வாழ்வது அதில் இருக்கிறது, நேர் வரிசை இல்லை.

என் தேர்வு ‘வரிசை வீடு’. வரி என்றால் கோடு, வரிசை அதோடு ஒட்டிய சொல், அதனால் லைன் தரும் பொருள் முழுதும் வந்துவிடுகிறது. கேட்டதும் யாருக்கும் புரியும், உரைநடையில் உறுத்தாது. மில் வீடுகளை மட்டும் குறிக்க வேண்டுமானால் ‘ஆலை வரிசை வீடு’ எனலாம். மலையகத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் லயத்தை மாற்றக் கூடாது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து இறந்தவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது, இலக்கணப்படியும் தமிழாகிவிட்டது. பேச்சில் ‘லைன் வீடு’ இருந்துவிட்டுப் போகட்டும். அம்மாவிடம் போய் ‘வரிசை வீட்டில்தானே வளர்ந்தீர்கள்’ என்று கேட்டால், “எந்த வரிசை? மூணாவது லைனு” என்றுதான் பதில் வரும்.