தெறி: ஒரு கரையில் பாராட்டு, மறுகரையில் கெட்ட வார்த்தை

நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவே நடந்தே கடக்கும் தூரம்தான். ஒன்று தமிழ்நாட்டுக் கடற்கரையின் மேற்குக் கடைசி, மற்றது கேரளத்தின் தெற்குக் கடைசி. இரண்டு பக்கமும் மணலில் பந்து உதைத்து வளரும் பிள்ளைகள். இந்த இடத்தில் ஒரு கால்பந்து கிளப்பின் முகநூல் பக்கத்தில் "நம்ம பயலோட தெறி கோல்!" என்று படத்தோடு போட்டுப் பாருங்கள். திருநெல்வேலிக்காரர் கைதட்டுவார். பொழியூர்க்காரர் "கெட்ட வார்த்தை கோலா?" என்று சிரிப்பார். குமரி மாவட்டத்து மேற்கு ஓரமான விளவங்கோட்டுப் பெரியவருக்குச் சிரிப்பும் வராது, முகம் சுளிப்பார். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, வல்லின றகரம்கூட ஒன்றுதான். பொருள்தான் எல்லை தாண்டும்போது மாறிவிடுகிறது.

தமிழில் 'தெறி' முதலில் வினை. நீர் தெறிக்கும், பொறி தெறிக்கும், கயிறு தெறித்து அறும். வில் நாணையும் யாழ் நரம்பையும் விரலால் சுண்டுவதும் தெறித்தல்தான். துள்ளித் துள்ளி நடக்கும் மானின் நடையைச் சங்கப் பாடல் 'தெறிநடை' என்கிறது. ஈழத்தில் சட்டைப் பொத்தானுக்குத் தெறி என்று பெயர். இவை எதிலும் அழுக்கு இல்லை. "தெறிக்க விடுறான்", "தெறி மாஸ்" என்ற இன்றைய பாராட்டு, சினிமாவும் இணையமும் ஊதிப் பெரிதாக்கியது. துள்ளல், வேகம், சிதறல் என்ற பழைய பொருளின் நேர்வாரிசு என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மலையாளத்திலும் 'தெறிக்குக' என்ற வினைக்குச் சிதறி விழுவது என்றே பொருள். ஆனால் அங்கே பெயர்ச்சொல்லாக நிற்கும் 'தெறி' ஆபாச வசை. 'தெறி விளிக்குக' என்றால் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவது. கொடுங்ஙல்லூர் பகவதி கோயிலில் மீன பரணிக்குப் பாடும் பாட்டைத் தெறிப்பாட்டு என்பார்கள். அடங்காமல் திரிபவனை அங்கே 'தெறிச்சவன்' என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வரம்பை விட்டுத் தெறித்த பேச்சு 'தெறி' ஆனது என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. நிர்வாகம் சென்னைக்குப் போனது, சொல் போகவில்லை. "சும்மா தெறி விளிக்காத" என்று மார்த்தாண்டம் சந்தையில் ஒருவர் சொன்னால், அது இரவல் மலையாளம் அல்ல, அந்த ஊரின் தமிழ்.

இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது? 'வசை' என்று உடனே கைகாட்டுவார்கள். அது முழுப் பொருத்தம் இல்லை. குறளில் வசை என்பது இசைக்கு எதிர்ச்சொல். இசை புகழ், வசை பழி. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஒருவன்மேல் வசை ஏற்றிவிட முடியும். மலையாளத் தெறிக்கு நேரான சொல்லை நம் இலக்கணமே வைத்திருக்கிறது: இடக்கர். அவையில் சொல்லக் கூசும் சொல் அது. அதை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். தொல்காப்பியம் இதையே 'அவையல் கிளவி' என்று சொல்லி, மறைத்துக் கூறச் சொல்கிறது. அவையைப் பொறுத்தே சொல் கெட்டதாகிறது என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. குறளில் 'மயிர்' எந்தக் கூச்சமும் இல்லாமல் நிற்கிறது, இன்று தெருவில் அதே சொல் வசை, மலையாளத்தில் இன்னும் கடுமை. 'பட்டி' நமக்கு ஊர், அவர்களுக்கு நாய். கோவில்பட்டி அணி எல்லை தாண்டி ஆடப் போனால் அறிவிப்பாளர் ஊர்ப் பெயரைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கக் கூடாது.

ஆக, மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். சொல்லே அருவருப்பானது என்றால் இடக்கர், பேச்சுவழக்கில் கெட்ட வார்த்தை. ஒருவரைக் குறிவைத்துத் திட்டுவது வசை. ஒருவரின் பிறப்பு, நிறம், சாதி, மதம், உடல், தொழில் ஆகியவற்றைச் சொல்லித் தாழ்த்துவது இழிவுரை. செய்தித்தாள்கள் மூன்றையும் 'தகாத வார்த்தை' என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுகின்றன. கால்பந்தில் தண்டனை இந்த மூன்றுக்கும் ஒன்றல்ல என்பதால், அந்தச் சாக்கு இங்கே உதவாது.

ஆட்ட விதியே இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. முன்பு 12ஆம் விதி, 'ஃபவுல்' மொழியோ வசைமொழியோ பேசினால் வெளியேற்றம் என்றது. 'ஃபவுல்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் அழுகியது, நாறுவது. (நம் பக்கத்து 'நாறி' என்ற திட்டும் அதே மூக்கில் பிறந்ததுதான். நாற்றம் என்றால் பழந்தமிழில் நறுமணமும்கூட என்பது தனிக் கதை.) 1997இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது 'ஃபவுல்' மொழி போய்விட்டது. புண்படுத்தும், அவமதிக்கும், வசைபாடும் மொழி என்று மூன்று சொற்கள் வந்தன. சொல் நாறுகிறதா என்ற கேள்வி, கேட்டவர் புண்பட்டாரா என்ற கேள்வியாக மாறியது. நடுவரின் முடிவை எதிர்த்து முணுமுணுப்பது வேறு குற்றம். அதற்கு மஞ்சள் அட்டை மட்டுமே.

தண்டனைக் கணக்கைப் பார்த்தால் விலகல் இன்னும் துலக்கமாகத் தெரியும். 2011 ஏப்ரலில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மூன்றாவது கோல் அடித்த வெய்ன் ரூனி, கேமராவைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். 2 ஆட்டத் தடை. அது இடக்கர். அதே ஆண்டு அக்டோபரில் லிவர்பூலின் உருகுவே வீரர் லூயிஸ் சுவாரஸ், மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவை நிறம் சொல்லி அழைத்ததற்கு 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். உருகுவேயில் அந்தச் சொல் சாதாரண விளிதான் என்பது அவர் தரப்பு வாதம். தென்னமெரிக்க ஸ்பானிய வழக்கு அறிந்த வல்லுநர்களைக் கேட்டபிறகே விசாரணைக்குழு முடிவெடுத்தது. சண்டைக்கு நடுவே, எதிராளியை நோக்கிச் சொன்னால் அது செல்ல விளி ஆகாது. 2020 நவம்பரில் இன்னொரு உருகுவே வீரர் எடின்சன் கவானி, வாழ்த்திய நண்பருக்கு நன்றி சொல்லி இணையத்தில் எழுதிய நிறச் சொல் உருகுவே வழக்கில் உண்மையாகவே செல்லச் சொல். அதற்கும் 3 ஆட்டத் தடை, 1,00,000 பவுண்டு. உருகுவேயின் மொழிக் கழகமே எதிர்த்து அறிக்கை விட்டது. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று பாரிஸில், நான்காவது நடுவர் ருமேனிய மொழியில் கறுப்பு என்று பொருள்படும் சொல்லால் ஆட வந்திருந்த துருக்கி அணியின் உதவிப் பயிற்சியாளரை அடையாளம் காட்டினார். இரண்டு அணிகளும் களத்தை விட்டு வெளியேறின. மறுநாள் வேறு நடுவர்களோடு ஆட்டம் தொடர்ந்தது. இன இழிவுரைக்கு ஃபிஃபாவின் ஒழுங்கு விதித்தொகுப்பில் இப்போது வீரருக்குக் குறைந்தது 10 ஆட்டத் தடை.

இவை 'தெறி'க்குப் பெரியப்பா மக்கள். ஒரு கரையில் இனிப்பான சொல் மறுகரையில் கசக்கும், இணையத்துக்குக் கரையே கிடையாது. கவானிக்குக் கிடைத்த தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்பதே நம் கருத்து. ஆனாலும் அவருடைய கிளப்பின் ஊடகப் பிரிவுக்கு அது நல்ல சாக்கு ஆகாது. வேற்றுமொழி வீரர் பதிவிடும் முன் ஒருவர் படித்துப் பார்ப்பது அவர்கள் வேலை.

நம் மைதானத்துக்கு வருவோம். கடலோர அணி ஒன்று உள்நாட்டுக்கு ஆடப் போகும்போது காலரியிலிருந்து "மீன் நாறுதுடே" என்று கூவுவார்கள். அதில் ஒரு தெறிகூட இல்லை. பழைய அளவுகோலில் வெறும் கேலி. புதிய அளவுகோலில் அன்றைய ஆட்டத்தில் விழுந்த அத்தனை கெட்ட வார்த்தையையும்விட அதுதான் கனமானது. கோபத்தில் விழும் 'கழுவேறி'க்கு இது நேர்மாறு. கழுவில் ஏற்றப்பட்டவன் என்ற பயங்கரமான வேர் அதற்கு, இன்று பாதி நேரம் நண்பனைத்தான் அப்படி விளிக்கிறார்கள். 'செற்ற' என்ற மலையாளத் திட்டு குடிசைவாசியைக் குறித்தது. கூரையைச் சொல்லித் தாழ்த்திய வேர் என்பதால் அதை ஊடகக் குறிப்பில் கேலிக்கும் சேர்க்கக் கூடாது.

சட்டமும் இதே பிரிவைப் பார்க்கிறது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசமாகப் பேசினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 296ஆம் பிரிவு: 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கெட்ட வார்த்தை என்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும்: 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை.

சம்பவம் நடந்துவிட்டால் கிளப் செயலாளர் இரண்டு தாள் எழுத வேண்டும். இரண்டுக்கும் இலக்கணம் நேரெதிர். போட்டிக் கமிட்டிக்குப் போகும் புகாரில் சொன்ன சொல்லை அப்படியே, சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். மலையாளத்தில் விழுந்தது என்றால் மலையாள ஒலியிலேயே எழுதி, பொருளை அடுத்த வரியில் தரவும். எந்த நிமிடம், யார், யாரைப் பார்த்து, எத்தனை அடி தூரத்தில், கேட்டவர் யார் யார் என்பதெல்லாம் வேண்டும். "தகாத வார்த்தை பேசினார்" என்று மட்டும் எழுதினால் இடக்கரா இழிவுரையா என்று கமிட்டியால் பிரிக்க முடியாது, புகார் அங்கேயே படுத்துவிடும். பத்திரிகைக்குப் போகும் குறிப்பில் அந்தச் சொல் ஓர் எழுத்துகூட வரக் கூடாது. புள்ளி வைத்து மறைப்பதும் வேண்டாம், வாசகர் நிரப்பிப் படிப்பார். "சாதி குறித்த இழிவுரை", "நடுவர்மீது வசை" என்று வகையைச் சொன்னால் போதும்.

மன்னிப்பு எழுதும்போது வழுக்குவது '-ஆல்' விகுதியில். "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்றால், புண்பட்டது நிச்சயமில்லை என்று ஆகிறது. "புண்படுத்தியதற்கு வருந்துகிறோம்" என்று எழுதுங்கள். "தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது" என்ற வாக்கியம் பழியைக் கேட்டவர் தலையில் வைக்கும். முழு விவரம் தெரியும் முன் வீரருக்காகப் பரிந்து குரல் கொடுப்பதும் ஆபத்து. 2011 டிசம்பரில் லிவர்பூல் வீரர்கள் சுவாரஸ் படம் போட்ட பனியன் அணிந்து பயிற்சிக்கு இறங்கினார்கள். அந்த நாள் அணித்தோழராக இருந்த ஜேமி காரகர் 2019இல் தொலைக்காட்சியில் எவ்ராவிடமே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

நேரலையில் வரும் சிக்கல் வேறு. கேமராவின் மைக் மாற்று வீரர்கள் உட்காரும் பெஞ்சுக்கோ காலரிக்கோ பக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு தெறியும் வீட்டு வரவேற்பறையில் விழும். நேரலை மென்பொருளில் 20 வினாடி தாமதம் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பொதுவாக அது ஏற்கெனவே பதிவான ஒலியைத்தான் பிந்தி அனுப்பும், நீங்கள் ஒலியை அடைப்பது அடுத்து வரும் பேச்சுக்கே பலிக்கும். மைக்கைப் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம், கார்னர் கொடிக்கு வெளியே தள்ளி வையுங்கள். வர்ணனையாளருக்கு வாயருகே தனி மைக் கொடுத்து, மைதான ஒலியைக் குறைத்து விடுங்கள்.

போஸ்டரை அச்சுக்கு அனுப்பும் முன் எல்லைக்கு அப்பால் உள்ள ஒருவர், இப்பால் உள்ள ஒருவர் என இரண்டு பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தப்புவது காதுக்குத் தப்பாது. மலையாள எழுத்தில் தனிப் போஸ்டர் போடுவதானால் தமிழிலிருந்து ஒலிபெயர்ப்பு வேண்டாம், 'தெறி' அப்படியே போய் உட்கார்ந்துவிடும். கோலைப் புகழ 'அசத்தல்' இருக்கிறது, ஆனால் அது பொழியூருக்குப் புரியாது. 'கிடிலன்' அங்கே கொண்டாட்டம், திருநெல்வேலியில் விழிப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே போஸ்டர் ஒட்டுவதானால் 'இடிவெட்டு கோல்' என்று போடுங்கள்.