டெமோகிராஃபிக் புரொஃபைல்: தலையை எண்ணுவதும் குடியை அறிவதும்

அண்மையில் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வரி: "லண்டனின் கென்சிங்டன் பகுதியின் மக்கள்தொகை சுயவிவரம் மாறிவருகிறது." இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. சுயவிவரம் என்றால் ஒருவர் தன்னைப் பற்றித் தானே தருவது, வேலைக்கு மனுப் போடும்போது எழுதுவது. ஒரு பேட்டை தன்னைப் பற்றித் தானே எழுதித் தருவதில்லை. மக்கள்தொகை என்றால் எத்தனை பேர் என்கிற எண். எண்ணுக்கு ஏது சுயவிவரம்?

எழுதியவர் சொல்ல வந்தது இதுதான்: அங்கே யார் யார் வாழ்கிறார்கள், என்ன வயது, எந்த நாட்டில் பிறந்தவர்கள், சொந்த வீடா வாடகையா, என்ன தொழில், ஒரு வீட்டில் எத்தனை பேர். இத்தனையும் சேர்ந்ததைத்தான் ஆங்கிலத்தில் டெமோகிராஃபிக் புரொஃபைல் என்கிறார்கள். வீடு விற்பவர் முதல் பள்ளிக்கூடம் கட்டுபவர் வரை எல்லோரும் கேட்கும் விவரம் இது. ஆனாலும் தமிழில் இதற்கு இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். டெமோஸ், கிராஃபெய்ன் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'டெமோகிராஃபி' என்ற சொல்லை உருவாக்கியவர் ஆஷீல் கியார் என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1855. கிராஃபெய்ன் என்றால் எழுதுதல். டெமோஸ் என்றால் மக்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். டெமாக்ரசியில் இருப்பதும் அதுதான், கொள்ளைநோயைக் குறிக்கும் எபிடெமிக்கில் இருப்பதும் அதுதான். ஆனால் டெமோஸுக்கு ஊர், வட்டாரம் என்ற பொருளும் உண்டு. கி.மு. 508-ஐ ஒட்டி ஏதென்ஸில் கிளைஸ்தெனீஸ் என்பவர் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது குடிமக்களை டெமோஸ்வாரியாகத்தான் பதிவு செய்தார்கள். அப்படி 139 டெமோஸ்கள். ஒரு குடும்பம் பிறகு வேறெங்கு போய்த் தங்கினாலும் அதன் பிள்ளைகளுக்குப் பாட்டனின் டெமோஸ்தான் ஊர். நம்மிடம் 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால், பிறந்து வளர்ந்தது சென்னையில் என்றாலும் தாத்தாவின் ஊரைச் சொல்கிறோமே, அதே கணக்கு. ஆக, மக்களையும் அவர்கள் ஊன்றிய மண்ணையும் சேர்த்தே சொல்லும் சொல் டெமோஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புரொஃபைல் இத்தாலியிலிருந்து வந்தது. ஃபீலோ என்றால் நூல், இழை. இழைபோல ஒரு கோட்டை இழுத்து உருவத்தின் விளிம்பை வரைவது புரொஃபீலோ. பக்கவாட்டு முகத்தை வரைந்தால் மூக்கும் முகவாயும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மறுபக்கக் கன்னம் தெரியாது.

அந்த மெய்ப்பில் வந்த கென்சிங்டனையே எடுத்துக்கொள்வோம். செல்சியையும் சேர்த்து 1965 முதல் அது ஒரே மாநகரப் பிரிவு. பரப்பு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். ஹாரட்ஸ் கடை இருப்பதும், பிரிட்டனிலேயே வீட்டு விலை உச்சத்தில் நிற்பதும் அங்கேதான். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,58,600 பேர். 2021-இல் 1,43,400 பேர். அதே பத்தாண்டில் லண்டன் முழுவதுக்குமான எண்ணிக்கை 7.7 விழுக்காடு கூடியிருக்கிறது. ஊரே பெருகும்போது நடு ஊரின் இந்தச் செல்வப் பகுதியோ சுருங்குகிறது. மக்கள்தொகை என்ற சொல் இதற்கு மேல் எதுவும் சொல்லாது. 'குறைந்தது' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

யார் குறைந்தார்கள் என்பதுதான் கேள்வி. எண்ணிய நாள் 2021 மார்ச் 21. அப்போது கொரோனா முடக்கம். வெளிநாட்டு மாணவர்களும் இளம் ஊழியர்களும் பலர் ஊர் போயிருந்த நேரம். அது ஒரு காரணம். வீட்டு விலைக்கு ஈடுகொடுக்க முடியாத இளம் குடும்பங்கள் புறநகருக்குப் போனது இன்னொன்று. உள்லண்டனில் பல தொடக்கப் பள்ளிகள் பிள்ளைகள் இல்லாமல் வகுப்புகளைக் குறைத்தன, சில மூடப்பட்டன. மூன்றாவது, ஆளில்லா வீடுகள். முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிவைத்தவை, ஆண்டில் சில வாரம் மட்டும் உரிமையாளர் வந்து போகிறவை. கணக்கெடுப்பில் வழக்கமாக வசிப்பவரே அந்த இடத்துக்கு உரியவர். அதனால் கோடிக்கணக்கில் விலைபோன அடுக்கக வீட்டின் உரிமையாளர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதே தெருவில் ஒரு வீட்டில் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செவிலி வருவார். விடிகாலைப் பேருந்தில் தொலைவிலிருந்து வந்து படிக்கட்டைத் துடைத்துவிட்டுப் போகும் பெண் வரமாட்டார். வீட்டுக்குச் சொந்தக்காரர், வீட்டில் உழைப்பவர், வீட்டில் குடியிருப்பவர் ஆகிய மூவரில் மூன்றாமவரைத்தான் இந்த விவரம் பிடிக்கிறது.

அப்படிப் பிடித்தவர்களையும் சராசரி என்ற சல்லடையில் போட்டுவிட்டால் கதை மாறிவிடும். ஒரு சந்தில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டுக்கு மாத வருமானம் தலா 2,000 பவுன், பத்தாவது வீட்டுக்கு 1,00,000 பவுன். கூட்டிப் பத்தால் வகுத்தால் வீட்டுக்கு 11,800 பவுன் வரும். அந்தத் தொகையைச் சம்பாதிக்கும் வீடு அந்தச் சந்தில் ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்க்கும் இடைநிலை அளவோ 2,000 என்று உள்ளதைச் சொல்லும். செல்வப் பகுதியின் விவரம் கையில் வந்தால் நான் முதலில் தேடுவது அதில் உள்ளது சராசரியா இடைநிலையா என்பதைத்தான்.

இதைச் சார்லஸ் பூத் அன்றே உணர்ந்திருந்தார் என்று எனக்குப் படுகிறது. லிவர்பூலைச் சேர்ந்த இந்தக் கப்பல் வணிகர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனைத் தெருத்தெருவாக ஆராய்ந்து நிறம் தீட்டி வரைபடம் வெளியிட்டார். அவருடைய ஆட்கள் போலீஸ்காரரோடு நடந்து குறிப்பெடுத்தார்கள். பெருஞ்செல்வர் தெருவுக்கு மஞ்சள், வசதியான நடுத்தரத்துக்குச் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, ஊதா, வெளிர்நீலம், கருநீலம் என்று இறங்கி, கடைநிலைக்குக் கறுப்பு. கென்சிங்டனின் தெற்கே மஞ்சள் தெருக்கள் பளிச்சிடுகின்றன. வடக்கே நாட்டிங் டேல் என்ற மூலையில் கருநீலமும் கறுப்பும். இரண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 உயிர்களைக் கொண்டுபோன கிரென்ஃபெல் அடுக்ககம் நின்றதும் அந்த வடக்குப் பக்கத்தில்தான். நாட்டின் பெரும்பணக்காரப் பகுதிகளில் ஒன்று என்ற ஒற்றை வரி விவரத்தில் அந்த 24 மாடியும் அதில் வாழ்ந்தவர்களும் எங்கேயும் இல்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். தொகை அழகான சொல். எட்டுத்தொகை என்றால் திரட்டு. வங்கியில் போடுவது பணத்தொகை. இலக்கணத்தில் தொகை என்றால் உருபு மறைந்து நிற்பது. 'மக்கள்தொகை' என்பதே 'மக்களது தொகை' என்று விரியும். 'அது' உள்ளே தொக்கி நிற்கிறது. கூட்டும்போது எதையாவது மறைத்துத்தான் கூட்டுகிறோம் என்று அந்தச் சொல்லே காட்டுகிறது. எண்ணிக்கைக்கு அது மிகப் பொருத்தம்; அதைத் தொடவே வேண்டாம். எண்ணும் வேலைக்கு முன்பு பாரசீகம் வழியாக வந்த கானேஷுமாரி என்ற சொல் இருந்தது, வீடுகளை எண்ணுதல் என்ற பொருளில். இலங்கையில் தொகைமதிப்பு என்றும் குடிசன மதிப்பீடு என்றும் சொல்கிறார்கள்; மக்கள்தொகையைக் குடித்தொகை என்கிறார்கள்.

அந்தக் 'குடி'தான் நமக்கு வேண்டியது. புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுகிறோம். வீட்டு வாடகைக்குப் பழைய பெயர் குடிக்கூலி. குடியிருப்பு, குடிபெயர்வு, குடியேற்றம் எல்லாம் அன்றாடச் சொற்கள். சிலப்பதிகாரம் புகாரின் பட்டினப்பாக்கத்தை விவரிக்கும்போது 'பெருங்குடி வாணிகர் மாட மறுகு' என்கிறது. மறுகு என்றால் தெரு. யார், என்ன தொழில், என்ன நிலை, எப்படிப்பட்ட வீடு, எந்தத் தெரு: நான்கு சொல்லில் ஒரு செல்வத் தெருவின் விவரம் முழுவதும் அடங்கிவிட்டது. டெமோஸுக்கு உள்ள அந்த இரட்டைப் பொருள், ஆளும் அவர் ஊன்றிய இடமும், குடி என்ற சொல்லில் இயல்பாகவே இருக்கிறது.

எனவே டெமோகிராஃபிக் புரொஃபைலுக்கு நான் எழுதுவது 'குடியமைப்பு விவரம்'. டெமோகிராஃபிக்ஸ் என்று தனியாக வந்தால் 'குடியமைப்பு'. டெமோகிராஃபி என்ற துறைக்கு மக்கள்தொகையியல் வேரூன்றிவிட்டது. அது அப்படியே இருக்கட்டும். குடி என்றதும் சாராயம் நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். குடியரசு, குடிமகன் என்று சொல்லும்போது யாருக்கும் அப்படி வருவதில்லை. பழகிவிட்டால் இதற்கும் வராது. குடி என்றால் சாதி என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள் என்ற கவலை இன்னும் கனமானது. அந்த ஐயம் எழக்கூடிய இடத்தில் 'மக்களமைப்பு' என்று எழுதலாம்; வசிப்பது என்ற பொருள் அதில் கொஞ்சம் தேயும், தவறில்லை.

மெய்ப்பில் அந்த வரியைத் திருத்தி அனுப்பினேன்: "கென்சிங்டன், செல்சி பகுதியின் மக்கள்தொகை பத்தாண்டில் குறைந்திருக்கிறது; அதன் குடியமைப்பும் மாறிவருகிறது."