கமிட்டி வேறு, சங்கம் வேறு

போன மாதம் பெங்களூர் பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு தையல்காரம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், கார்மெண்ட்ஸில் பதினொரு வருஷம். பாலிதீன் கவரிலிருந்து கன்னடத்தில் அடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். மணிக்கு 60 பீஸ் என்றிருந்த டார்கெட்டை 75 ஆக்குவதற்குத் தொழிலாளர்களின் ‘சம்மதம்’. கீழே ஆறு கையெழுத்து, இரண்டாவது அவருடையது. அவர் கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்க வராது.

“கமிட்டி மெம்பர்னு கூப்பிட்டாங்க சார், போட்டுட்டேன். யூனியன்னா இதுதானே?”

இல்லைம்மா என்றேன். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் சட்டம் வைக்கச் சொல்கிற தொழிற்குழு (வொர்க்ஸ் கமிட்டி) அது. பாதிப் பேர் வரை நிர்வாகத்தின் ஆட்கள் இருக்கலாம். கேன்டீன், குடிநீர் பற்றியெல்லாம் பேசலாம். வேலைப் பளுவைக் கூட்ட அது ஒப்புக்கொண்டால் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தாது என்று நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. சங்கத்தின் இடத்தில் கமிட்டியை உட்கார வைக்க முடியாது.

சங்கம் என்ற உரிமை சும்மா வந்ததல்ல. 1918-இல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். வேலைநிறுத்தம் வந்ததும் நிர்வாகம் தலைவர் பி.பி. வாடியா மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அப்போதுதான் வலுத்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

“முதலாளியே இல்லாத சோஷலிச நாட்டில் சங்கம் எதற்கு?” என்று ஒரு நண்பர் அடிக்கடி மடக்குவார். சோவியத்தில் சங்கம் இருந்தது. 1933 முதல் சமூகக் காப்பீட்டை அதுதான் கவனித்தது, ஓய்வில்லத்துக்கான சீட்டும் அது வழியாகத்தான் கிடைக்கும். ஆனால் கூலியை முடிவு செய்த அரசோடு அது மோத முடியாது. எனக்கு அது பெரிய அளவிலான கமிட்டியாகத்தான் படுகிறது. போலந்தில் 1980-இல், லெனின் பெயர் தாங்கிய கப்பல் கட்டும் தளத்தில், ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த கிரேன் ஓட்டுநர் அன்னா வாலெந்தினோவிச்சை வேலையைவிட்டு நீக்கினார்கள். தளமே நின்றது. 21 கோரிக்கைகளில் முதலாவது, கட்சிக்கும் நிர்வாகத்துக்கும் கட்டுப்படாத சங்கம் வேண்டும் என்பதுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1980-81-இல் எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. என்று பெங்களூரின் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் 77 நாள் நின்றன. அங்கே முதலாளி அரசுதான்.

சங்கமில்லாமலும் வெல்லலாம். 2016 ஏப்ரலில் பி.எஃப். பணம் எடுக்கும் விதியை மத்திய அரசு மாற்றியபோது, கார்மெண்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டை மறித்தார்கள். இரண்டே நாளில் விதி வாபஸ். ஆனால் டார்கெட்டை யார் போய்ப் பேசுவது? ரோடு ஒரு உத்தரவை நிறுத்தும், மாதாமாதம் மேசையில் உட்காராது.

சரி, சங்கம் பதிவு செய்ய என்ன வேண்டும்? பத்து சதவீதம் பேர் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அது. ஏழுக்குக் குறையக் கூடாது. அந்தம்மா யூனிட்டில் 600 பேர், அப்படியானால் 60 பேர் போதும். ஏற்கெனவே இருக்கிற சங்கத்தில் சேர்வதானால் பதிவெண்ணைக் கேளுங்கள், சந்தாவுக்கு ரசீது வாங்குங்கள், கடைசியாகத் தேர்தல் எப்போது நடந்தது என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் யோசியுங்கள்.

கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் தயார் செய்தோம், கன்னடத்திலும் தமிழிலும். பேனாவை நீட்டினேன். “இன்னொரு வாட்டி படிங்க சார்” என்றார்.